மேடை வாடகை

பி.காம். இரண்டாம் வருஷத்தில் எங்களுக்கு வணிகச் சட்டம் எடுத்த பேராசிரியர் ஒரு நாள் திடீரென்று கேட்டார். வீட்டு டிரைவரும் டாக்ஸி டிரைவரும் ஒன்றா? ‘ரெண்டு பேரும் கார்தானே சார் ஓட்டறாங்க’ என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் சொல்ல, அன்றைக்கு அவன் தொலைந்தான். ‘நீ சொல்ற நேரத்துக்கு வந்து, நீ சொல்ற மாதிரி ஓட்டறவன் உன் ஆள். உன்னை இறக்கிவிட்டுட்டு அடுத்த சவாரிக்குப் போறவன் தனியாத் தொழில் பண்றவன்.’ முதல் ஆளுக்குச் சம்பளம் தரவேண்டும். இரண்டாவது ஆளுக்கு மீட்டர் காசோடு கணக்கு முடிந்தது. பரீட்சையில் ஐந்து மார்க். எழுதிவிட்டு மறந்துபோனேன்.

அந்த ஐந்து மார்க் கேள்விக்கு வேண்டுமென்றே தப்பான பதில் எழுதி, ஒரு தொழிலே பல வருஷமாகக் கல்லா கட்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஸ்ட்ரிப் கிளப்கள். பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் உடையைப் பற்றிப் பேசப்போவதில்லை. கணக்கைப் பற்றித்தான்.

அங்கே ஆடும் பெண் வேலைக்கு வந்தால், முதலாளி அவருக்குக் காசு தருவதில்லை. அவர்தான் முதலாளிக்குத் தரவேண்டும். மேடை வாடகை! ஆடி முடித்ததும் பாட்டுப் போட்டவருக்கு ஒரு பங்கு, வாசலில் நிற்கும் தடியருக்கு ஒரு பங்கு, மேனேஜருக்கு ஒரு பங்கு. லேட்டாக வந்தால் அபராதம். கூட்டமே இல்லாத ராத்திரிகளில் விடிய விடிய ஆடிவிட்டு, கைக்காசையும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. வாடிக்கையாளர் கிரெடிட் கார்டு நீட்டினால் இன்னொரு வேடிக்கை. கிளப்பே அச்சடித்த கூப்பனை அவருக்கு விற்பார்கள். அதை வாங்குகிறவரிடமும் ஒரு வெட்டு, வாங்கிய கூப்பனை ஆடியவர் காசாக்க வரும்போது அவரிடமும் ஒரு வெட்டு. சில இடங்களில் அந்தக் காசும் உடனே வராது. ‘கார்டு பணம் இன்னும் வரலை, அடுத்த வாரம் பார்க்கலாம்.’

சம்பளம் எங்கே என்று கேட்டால் பதில் தயார். ‘அவர்கள் எங்கள் ஊழியர்களே இல்லை. சுயதொழில் செய்கிறவர்கள். நாங்கள் இடத்தை வாடகைக்கு விடுகிறோம், அவ்வளவுதான்.’

அப்படியா? கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுக்கிறோம். மண்டபக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்து, ‘ஏன் அரை மணி லேட்டு, எடு அபராதம்’ என்கிறாரா? மொய் எவ்வளவு வாங்கலாம் என்று ரேட் போடுகிறாரா?

அமெரிக்க நீதிமன்றங்கள் மண்டபத்தை உதாரணம் காட்டவில்லையே தவிர, கேட்டது இதைத்தான். டல்லஸ் நகரத்து கிளப் ஒன்றின் மேல் அந்நாட்டுத் தொழிலாளர் துறையே போட்ட வழக்கில், 1993-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அங்கே ஆட வருகிறவர் ஒவ்வொரு இரவும் 20 டாலர் கட்டவேண்டும். எந்த நேரம் ஆடுவது, ஒரு நடனத்துக்குக் குறைந்தது எவ்வளவு வாங்குவது, வராவிட்டால் என்ன அபராதம் என்பதெல்லாம் கிளப் எடுத்த முடிவு. இதற்குப் பெயர் சுயதொழிலா? இல்லை, இவர்கள் ஊழியர்கள்தான், குறைந்தபட்சக் கூலி கொடு என்றது கோர்ட்.

தீர்ப்பு வந்துவிட்டதே, திருந்தியிருப்பார்கள் என்று நினைத்தால் நீங்கள் முதலாளிகளைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். பதினாறு வருஷம் கழித்து, 2009-ல், நியூயார்க்கின் ரிக்ஸ் காபரே மீது அதே கதையோடு வழக்கு. 2013-ல் நீதிபதி அதே பதிலைச் சொன்னார். இந்த வழக்கில் காமர்ஸ்காரன் ரசிக்கும் இடம் ஒன்று உண்டு. ‘ஒவ்வொரு நடனத்துக்கும் வாடிக்கையாளர் 20 டாலர் கொடுத்தாரே, அதையே நாங்கள் கொடுத்த சம்பளமாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்றது கிளப். சரி, அந்தப் பணத்தை உங்கள் வரவில் காட்டியிருக்கிறீர்களா? இல்லை. வரவிலேயே இல்லாத பணத்தை எப்படி ஐயா செலவில் எழுதுவீர்கள்? பத்து மில்லியன் டாலருக்கு மேல் கொடு என்று 2014-ல் உத்தரவு வந்தது. மீதி விசாரணைக்குப் போகாமல் 2015-ல் கிளப் ஒன்றரைக் கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

ஆக, சட்டம் ஆடுகிறவர்கள் பக்கம்தான் பெரும்பாலும் இருக்கிறது. இன்றைக்கு நேற்றல்ல, 1938-லிருந்து, அந்த ஊர்க் கூலிச் சட்டம் வந்த நாளிலிருந்து. பாக்கிக் கூலியோடு அதே அளவு இன்னொரு பங்கும் கேட்கலாம். ஜெயித்தால் வக்கீல் செலவு முதலாளி தலையில். தொழிலாளர் துறையில் புகார் கொடுக்க வக்கீலே வேண்டாம், காசும் வேண்டாம். புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டுத் தூக்கினால் அது தனிக் குற்றம். ஊழியருக்கு வந்த டிப்ஸில் முதலாளியோ மேனேஜரோ கை வைக்கக் கூடாது என்று 2018-ல் தெளிவாகவே எழுதிவிட்டார்கள். ஒரே விஷயம், காலம் தாழ்த்தக் கூடாது. இரண்டு வருஷத்துக் கணக்குதான் பின்னால் போகும். முதலாளி தெரிந்தே செய்தார் என்று காட்டினால் மூன்று.

‘ஆதாரம் எங்கே? எல்லாம் ரொக்கமாச்சே’ என்பீர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த தீர்ப்பு ஒன்று இங்கே உதவிக்கு வருகிறது. அது ஒரு பானைத் தொழிற்சாலை வழக்கு. மிச்சிகன் மாநிலத்தில் பீங்கான் பாத்திரம் செய்த தொழிலாளர்கள் போட்டது. 1946-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: கணக்கு எழுதவேண்டியது முதலாளியின் கடமை. அவர் எழுதவில்லை என்றால், அந்தத் தப்பின் லாபம் அவருக்குப் போகக் கூடாது. தொழிலாளி நியாயமான அளவுக்கு ஒரு கணக்கைக் காட்டினால் போதும், அது தப்பு என்று நிரூபிக்கும் பாரம் முதலாளியுடையது. அதாவது, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு உள்ளே போனேன், எப்போது வெளியே வந்தேன், வாடகை எவ்வளவு கட்டினேன், யார் யாருக்கு எவ்வளவு அழுதேன் என்று கைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு அன்றன்றைக்கே குறித்துவைத்தால், அதுவே ஆவணம். கூடவே மேனேஜர் அனுப்பிய மெசேஜ்கள், சுவரில் ஒட்டிய அபராதப் பட்டியலின் போட்டோ. எந்த வக்கீலும் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

இவ்வளவு இருந்தும் ஏன் நிறைய பேர் வாயைத் திறப்பதில்லை?

இதை எழுதப்போகிறேன் என்று ஒரு நண்பரிடம் சொன்னேன். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், நல்ல மனுஷர். ‘வேற சப்ஜெக்டே கிடைக்கலையா உங்களுக்கு? அந்தப் பொண்ணுங்க ஏன் அங்க போகணும்? போனா இப்படித்தான்’ என்றார். ‘உங்க கடைப் பையனுக்கு மூணு மாசச் சம்பளம் நிறுத்தினா, ஏண்டா இந்தக் கடைக்கு வந்தேன்னுதான் கேப்பீங்களா?’ என்றேன். காபி ஆறிப்போகிறது என்றார்.

அந்த முதலாளிகள் பெட்டியில் பூட்டிவைத்திருக்கும் உண்மையான சொத்து, என் நண்பருடைய இந்தக் கேள்விதான். புகார் கொடுத்தால் சொந்தப் பெயர் வெளியே வரும். வீட்டுக்குத் தெரியும், பிள்ளையின் ஸ்கூலுக்குத் தெரியும், நாளைக்கு வேறு வேலை தேடினால் அங்கேயும் தெரியும். ரொக்கத்தை வரிக் கணக்கில் சரியாகக் காட்டாதவர்களுக்கு அந்தப் பயம் வேறு. பாக்கி வைத்தவர் கூசுவதில்லை, கேட்கவேண்டியவர் கூசுகிறார்.

எனக்கு இந்தக் கூச்சம் தெரியும். எழுத ஆரம்பித்த புதிதில் ஒரு பத்திரிகை ஏழு கட்டுரைகளுக்குக் காசு தரவில்லை. போய் நின்றபோது மேனேஜர் சிரித்துக்கொண்டே, ‘உங்க பேரு இவ்வளவு பேருக்குத் தெரியுது, அதுக்கு நாங்கதான் உங்ககிட்ட காசு வாங்கணும் சார்’ என்றார். மேடை வாடகையேதான்! நானும் இளித்துவிட்டு வந்தேன். ஊர் மெச்சுகிற வேலை, பெயர் அச்சில் வருகிற வேலை, அதற்கே கேட்க நா எழவில்லை. ஊரே முகம் சுளிக்கும் வேலையில் இருக்கிறவர் கேட்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்?

கூச்சம் போதாதென்று காகிதம் வேறு. வேலைக்குச் சேரும் அன்று நீட்டுகிற பத்துப் பக்கத்தில் ஒரு ஷரத்து இருக்கும். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகக் கூடாது, மத்தியஸ்தரிடம்தான் போகவேண்டும், அதுவும் ஒவ்வொருவராகத் தனித்தனியே. இது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. கூட்டமாக வராதே, ஒண்டியாக வா என்பதுதான் இதன் பொருள். பயமுறுத்த அதுதான் வசதி.

ஆகவே கூட்டமாகப் போனவர்களின் கதையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சான் ஃபிரான்சிஸ்கோவில் லஸ்டி லேடி என்ற இடம். ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வாடிக்கையாளர்கள் திருட்டுத்தனமாகப் படம் பிடித்தார்கள். நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை. 1996-ல் ஆடும் பெண்கள் ஓட்டுப் போட்டுத் தொழிற்சங்கம் அமைத்தார்கள். 57 பேர் ஆதரவு, 15 பேர் எதிர்ப்பு. 2003-ல் அந்த இடத்தைக் கூட்டுறவாக அவர்களே வாங்கி நடத்தினார்கள். 2013-ல் மூடவேண்டியதாயிற்று. அது தோல்வியா? பத்து வருஷம் கல்லாப்பெட்டிச் சாவி ஆடியவர்கள் கையில் இருந்தது. எத்தனை தொழிற்சாலைகளில் அப்படி நடந்திருக்கிறது, சொல்லுங்கள்.

அடுத்தது லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம், வடக்கு ஹாலிவுட்டில் ஸ்டார் கார்டன். 2022 மார்ச்சில், பாதுகாப்பு இல்லை என்று மனுக் கொடுத்தவர்களை உள்ளே விடாமல் கதவைச் சாத்தினார்கள். அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. வாசலிலேயே மாதக்கணக்கில் விதவிதமான வேஷம் கட்டி மறியல் செய்தார்கள். வந்த வாடிக்கையாளர்கள் பலர் திரும்பிப் போனார்கள். கிளப் திவால் மனு வரைக்கும் போனது. 2023 மே மாதம் ஓட்டு எண்ணினால் 17-க்கு 0. சேர்ந்த சங்கம் எது தெரியுமா? 1913-ல் ஆரம்பித்த, பிராட்வே நாடக நடிகர்களின் ஆக்டர்ஸ் ஈக்விட்டி!

எல்லாப் பெண்களும் ஊழியராக விரும்புகிறார்கள் என்று நான் சாதிக்கவில்லை. நினைத்த நாளில் வந்து, நினைத்த நாளில் போகும் சுதந்திரம் போய்விடும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2018 தீர்ப்புக்குப் பிறகு சில கிளப்கள், ‘சரி, நீங்கள் ஊழியர்கள்தான்’ என்று மணிக்கூலி கொடுத்துவிட்டு, நடனக் காசில் தங்கள் பங்கை ஏற்றிவிட்டன என்று ஆடியவர்களே புகார் சொன்னார்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது, எடுக்கும் காசுக்கு வரம்பு வேண்டும். வாஷிங்டன் மாநிலம் அதைச் செய்தது. 2024-ல் வந்த சட்டப்படி ஒரு ஷிப்டுக்கு 150 டாலர் அல்லது அவர் சம்பாதித்ததில் 30 சதவீதம், எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. சம்பாதிக்காத இரவின் வாடகையை அடுத்த இரவுக்குக் கடனாக ஏற்றவும் கூடாது. இதற்காகத் தலைநகருக்கு நடந்தவர்களில் ஆடும் பெண்களே முன்னால் இருந்தார்கள்.

‘இதெல்லாம் அமெரிக்காக்காரன் பிரச்னை’ என்கிறவர்கள் மும்பையை நினைத்துப் பார்க்கலாம். 2005-ல் மகாராஷ்டிர அரசு டான்ஸ் பார்களைத் தடை செய்தது. மூன்று நட்சத்திர ஓட்டல்களும் அதற்கு மேலும் விதிவிலக்கு! பணக்காரன் பார்த்தால் கலாசாரம் கெடாது போலிருக்கிறது. சுமார் 75,000 பெண்கள் வேலை இழந்ததாக வழக்கில் சொல்லப்பட்டது. அந்தப் பெண்களுக்கு வருமானத்தில் பெரும்பகுதி வாடிக்கையாளர் தரும் நோட்டுகள்தான். அதிலும் பார் முதலாளிக்குப் பங்கு. பாருக்குப் பார் விகிதம் மாறும். உயர் நீதிமன்றம் 2006-லும் உச்ச நீதிமன்றம் 2013-லும் தடை செல்லாது என்றன. அரசு விடவில்லை. 2014-ல் மறுபடி தடை, 2016-ல் தடைக்குப் பதில் நிபந்தனை மேல் நிபந்தனையாக ஒரு சட்டம்.

அந்த நிபந்தனைகளில் ஒன்றைப் பாருங்கள். டிப்ஸை அந்தப் பெண் கையில் கொடுக்கக் கூடாது, பில்லில்தான் சேர்க்கவேண்டும். கண்ணியமாகத்தான் தெரிகிறது. பில் யாருடையது? பார் முதலாளியுடையது. அந்தப் பணம் முதலில் யார் கல்லாவில் விழும்? பெண்ணைக் காப்பாற்றக் கிளம்பிய அரசாங்கம், அவர் காசை முதலாளி கையில் கொடுத்து, ‘பார்த்துப் பண்ணுங்க’ என்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த நிபந்தனையை அடித்துப்போட்டது. நோட்டை வீசக் கூடாது, கையில் தரலாம். அந்தப் பெண்ணோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், பணம் அவர் வங்கிக் கணக்கில் விழவேண்டும் என்பதை மட்டும் விட்டுவைத்தது. மாதச் சம்பளம் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டது, ஒருவர் ரெண்டு இடத்தில் ஆட விரும்பினால் அது தடையாகிவிடும் என்று.

பதினான்கு வருஷ வழக்கில் பத்திரிகைகள் எழுதித் தள்ளியது உடை, மது, கலாசாரம். அந்த ஒப்பந்தத்தின் நகல் ஆடுகிற பெண்ணின் கையில் இருக்கிறதா, அல்லது பார் மேனேஜரின் மேஜை டிராயரில் இருக்கிறதா என்று கேட்டு ஒரு செய்திகூட என் கண்ணில் பட்டதில்லை.