ஒரு தாள் போதும்

சில வருடங்களுக்கு முன் என் மனைவி ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு நாள் இருந்தாள். வெளியே நாற்காலியில்தான் என் வாசம். ஒரு நாள் காலை ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர், "இன்னைக்குச் சுவாசக் குழாயை எடுத்துடலாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மாலைவரை ஒன்றும் நடக்கவில்லை. என் மகன், மதிய ஷிப்டில் வந்த நர்ஸைக் கண்டபடி பேசிவிட்டான். "அய்யா, எங்ககிட்ட யாருமே சொல்லலையே" என்றபோது அந்தப் பெண்ணின் கண் கலங்கியது.

மனைவி பிழைத்து வீடு திரும்பினாள். நன்றி சொல்ல அந்தப் பெண்ணைத் தேடினால், வேலையை விட்டுவிட்டாள் என்றார்கள்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்நாட்டுச் செய்திகளை இன்றும் படிப்பதுண்டு. அங்கே 2007இல் வந்த ஓர் ஆய்வு, தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸுகளில் மூன்றில் ஒருவர் மனம் சோர்ந்து முற்றிலும் ஓய்ந்துபோயிருப்பதாகச் சொன்னது. டாக்டரோடும் தலைமை நர்ஸோடும் உள்ள உறவு, விடுப்பு நாளைத் தானே தேர்ந்தெடுக்கும் வசதி, இவையெல்லாம் அதோடு தொடர்புடையவையாம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஒவ்வொரு நோயாளிக்கும் இன்று செய்ய வேண்டியதை ஒரே தாளில் எழுதினார்கள். அதற்கு முன் அன்றைய இலக்கு என்னவென்று புரிந்திருந்த நர்ஸுகளும் இளம் டாக்டர்களும் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. பிறகு 95க்கும் மேல். 2003இல் வெளியான விவரம் இது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா மாற்றலாகிப் போனால், நிலுவைக் கோப்புகளைப் பட்டியலிட்டு இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பொறுப்பு மாறும். காகிதக் கட்டுக்கே அந்த மரியாதை என்றால், மூச்சுத் திணறும் உயிருக்கு வேண்டாமா?

ஆள் பற்றாக்குறையைத் தாள் தீர்க்காது என்பீர்கள். உண்மைதான். ஆளும் வேண்டும், சம்பளமும் வேண்டும். ஆனால் தான் செய்யாத தவறுக்குத் திட்டு வாங்கும் வேதனையையாவது குறைக்கலாமே. டாக்டர் கட்டிலருகே நின்று தாளை வாசித்து, "நீ என்னம்மா சொல்றே?" என்று நர்ஸைக் கேட்க இரண்டு நிமிடம் ஆகுமா?

எங்கள் பள்ளியில் 'போன்ழூர்' சொல்லாமல் வகுப்புக்குள் கால் வைக்க முடியாது. அன்று அது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தேன். பக்கத்தில் நிற்பவரை ஒரு மனிதராகப் பார்ப்பதற்கு அதுதான் முதல் படி என்று, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது.