கடனும் காணிக்கையும்

காணிக்கை இட்டால் கடன் மறையும் எனப் போதிப்போர் பெருகிவிட்டனர். கந்துவட்டியில் வதங்கும் ஏழையிடம் எஞ்சியதையும் பறிப்பதா விசுவாசம்? கடனாளியான கைம்பெண்ணிடம் எலிசா காணிக்கை கேட்கவில்லை. வீட்டில் என்ன உண்டு என்றே வினவினார். அயலார் பாத்திரங்கள் தந்தனர், எண்ணெய் பெருகியது, அதை விற்றே அவள் கடனடைத்தாள். இறைவனின் புதுமையிலும் அயலாருக்குப் பங்குண்டு. நெகேமியாவோ வட்டி வாங்கிய தலைவர்களையே கண்டித்து, அடகுபோன நிலங்களை மீட்டுத் தந்தார்.

1462-இல் பெருஜியாவில் பிரான்சிஸ்கன் துறவியர் ஏழைகளுக்கென அடகு நிதியம் தொடங்கினர். 1515-இல் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் அத்தகைய நிதியங்களை ஏற்றது. நம் அன்பியங்கள் செபமாலையோடு கலைந்துவிடலாமா? திருவிழா வாணவேடிக்கைக்கு வரி தண்டும் நாம், வட்டியில்லாக் கடனுக்கு ஒரு நிதி திரட்டலாகாதா? கடன்பட்ட சகோதரனுக்குத் தோள்கொடாத விசுவாசம் உயிரற்றதே.