வேலி போனால் கொடியும் போகவேணுமா?

கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறோம்.

இறுப்பிட்டியில் நாங்கள் படிப்பிக்கிற இடத்துக்குப் பக்கத்து வளவில் பழைய வேலியைப் பிரித்து மதில் கட்டினார்கள். கறையான் தின்ற கதியால், உக்கின ஓலை. மாற்றத்தான் வேண்டும், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த வேலியில் வருடக்கணக்காகப் படர்ந்திருந்த முல்லையையும் முசுட்டையையும், ஓரத்தில் நின்ற செவ்வரத்தையையும் ஜேசிபி ஒரே மத்தியானத்தில் கிளறிக் குவித்துவிட்டது. பின்னேரம் நெருப்பு வைத்தார்கள். கேட்டால் பதில் இதுதான்: "பத்தையாக் கிடந்தது ரீச்சர், பாம்பு வரும். புதுசா வாங்கி வைக்கலாம்தானே."

புதுசா? கோடையில் கிணறு உவர்க்கிற தீவு இது. சுண்ணக்கல்லுக்கு மேலே கொஞ்ச மண், அதற்கு மேலே உப்புக்காற்று. இங்கே ஒரு கன்று வேர்பிடிக்க எத்தனை வாளி தண்ணீர் ஊற்றவேணும் என்று சுமந்தவர்களுக்குத் தெரியும். பழைய கொடிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறது. மேலே வெட்டினால் தண்ணீர்த் தேவையும் குறையும்.

எங்களுக்கு இது வெறும் பூக்கன்றுக் கதை இல்லை. 1990 அக்டோபர் கடைசியில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பிறந்தவர்கள் நாங்கள். வருடங்கள் கழித்து எங்கள் உம்மாமார் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்து பார்த்தபோது கூரையும் இல்லை, கதவும் இல்லை. இதுதான் எங்கள் வளவு என்று காட்டிக்கொடுத்தது வேலியோரத்து மல்லிகைப் பத்தை. அதே காலத்தில் இடம்பெயர்ந்து போன புங்குடுதீவு மக்களுக்கும் இந்தக் கதை தெரியும். ஆள் இல்லாத வளவுக்குக் காவல் இருந்த செடியை, ஆள் வந்தபிறகு கொல்வது என்ன நியாயம்?

பாம்புப் பயம் நியாயமானதுதான். அதற்கு அடியை வெளிக்க வெட்டினால் போதும், வேரைப் பிடுங்கத் தேவையில்லை. பார்த்தீனியம் நின்றால் வேரோடு பிடுங்குங்கோ, அதற்காக நாங்கள் வாதாட வரமாட்டோம்.

மல்லிகையை வெட்டினால் பட்டுப்போகும் என்பவர்களுக்கு ஒரு விஷயம். தமிழ்நாட்டு மல்லிகைத் தோட்டங்களில் வருடாவருடம் நவம்பர் கடைசியில் நிலத்திலிருந்து ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர் விட்டு மிச்சத்தை வெட்டிவிடுகிறார்கள். புதுத் தளிரில்தான் பூ வரும்.

ஆகவே, மதில் கட்டப்போகிறவர்களே, இதைச் செய்யுங்கோ:

வேலி பிரிக்கமுன் கொடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, தண்டுகளைச் சேர்த்துக் கட்டி, வேரடியை ஓலையால் மூடிவிடுங்கோ. முடிந்தால் வேலையை ஐப்பசி மழைக்குச் சற்று முன்னே வையுங்கோ. செவ்வரத்தை போன்ற முதிர்ந்த பற்றையை ஒரேயடியாக மொட்டையடிக்க வேண்டாம். கிழட்டுத் தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு வெட்டி, மிச்சத்தை அடுத்தடுத்த வருடங்களுக்கு விடுங்கோ. காய்ந்தமாதிரித் தெரிந்தால் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கோ. உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மேசன் கொட்டிய சீமெந்துக் கட்டிகளை வேரடியிலிருந்து அள்ளுங்கோ. வெயிலில் மதில் கொதிக்கும், அதனால் ஒரு சாண் தள்ளிக் கம்பி இழுத்து, அதில் கொடியை ஏற்றுங்கோ. தளிர் வரும்வரை உரம் போடாதேயுங்கோ.

வெளிநாட்டிலிருந்து "எல்லாத்தையும் கிளியர் பண்ணுங்கோ" என்று போனில் சொல்கிற உறவுகளே, அந்த "எல்லாத்திலும்" உங்கள் அம்மா தண்ணீர் ஊற்றி வளர்த்த முல்லையும் இருக்கிறது. வறைக்கு நீங்கள் ஆய்ந்த முசுட்டையும் இருக்கிறது.

நட்ட மரத்தில் ஒரு பறவை தின்றாலும் அது சதகா என்று எங்கள் மார்க்கம் படிப்பிக்கிறது. யாரோ நட்டுவிட்டுப்போனதைக் காப்பாற்றுவதும் அதில் சேரும் என்றே நாங்கள் நம்புகிறோம். ஜேசிபிக்காரருக்குக் காசு கொடுக்கமுன், ஒருதரம் வேலியோரம் நடந்து பாருங்கோ. எது நிற்கவேணும் என்று ஒரு சீலைத்துண்டு கட்டி அடையாளம் வையுங்கோ. அவ்வளவுதான் கேட்கிறோம்.