முதலில் பட்டர் மட்டையைக் கொடுங்கள்

கண்டியிலிருந்து திகனவைத் தாண்டி ரஜவெல்லப் பக்கம் போனால், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையோரம் பதினெட்டுக் குழிகள் கொண்ட கோல்ப் மைதானம் ஒன்று விரிகிறது. பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் டொனால்ட் ஸ்டீலின் கைவண்ணம் அது. ஒரு பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர். மறுபக்கம், 1985இல் திறக்கப்பட்ட 122 மீற்றர் உயர அணை தேக்கிவைத்திருக்கும் மகாவலி நீர். பார்க்க வருபவர்களுக்கு அழகு. குழிக்குள் பந்தை உருட்ட வருபவர்களை அந்த அழகே ஏமாற்றிவிடும்.

சுற்றியுள்ள நிலம் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், கண் அந்தச் சாய்வையே சமதரையாக எடுத்துக்கொள்கிறது. பள்ளம் மேடாகத் தெரிகிறது. மட்டைப் பையைச் சுமந்து வரும் கெடிமார் அதனால்தான் மலை எந்தப் பக்கம், தண்ணீர் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு குழிக்குக் கீழ்ப்புறமாகப் போய்க் குந்தியிருந்து பார்ப்பார்கள். சரிவு அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும். பந்துக்கும் குழிக்கும் நடுவே நின்றால், எந்தக் காலில் பாரம் கூடுகிறது என்பதைப் பாதமே சொல்லிவிடும். வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்: மேட்டில் ஏறும் பந்து விசையோடு போவதால் குறைவாக வளையும், இறக்கத்தில் மெதுவாக விட்ட பந்து அதிகம் வளையும். குழியை நெருங்கி வேகம் தளரும் கடைசி இரண்டு மூன்று அடியில்தான் சரிவு பந்தைத் தன் பக்கம் இழுக்கிறது. புல்லையும் பார்க்க வேண்டும். மினுங்கினால் அது நம்மை விட்டு அப்பால் சாய்ந்திருக்கிறது, பந்து விரைந்தோடும்; கருமையாகத் தெரிந்தால் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து தயங்கும்.

சரிவைப் படிப்பது பணத்தால் வரும் வித்தை அல்ல. டில்லி கோல்ப் கிளப்பில் கெடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓபன் கோல்ப் போட்டியை வென்றார். பெங்களூரில் கெடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009இல் அதே பட்டத்தைக் கைப்பற்றினார். கெடியின் கண்ணுக்கு இருக்கும் மதிப்பை விதிப்புத்தகமும் அறிந்திருக்கிறது. அடிக்க நின்றுவிட்ட ஆட்டக்காரரின் பின்னால் கெடி நின்று திசை சரிபார்ப்பதை 2019இல் கட்டுப்படுத்தினார்கள். சரிவுகளை வரைந்து காட்டும் கையேடுகளையும் போட்டிகளில் மட்டுப்படுத்த 2022இல் வழி செய்தார்கள். ஆட்டக்காரர் தன் கண்ணாலேயே படிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இலங்கையில் இந்த விளையாட்டு 1879இல் கொழும்பிலும் 1889இல் நுவரெலியாவிலும் வேரூன்றியது. நூற்றாண்டைக் கடந்தும் மைதானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கட்டணமும் மட்டைகளின் விலையும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதவை என்பது உண்மையே. ஆனால் கணக்கைப் பாருங்கள்: குழிக்கு இரண்டு வீதம் பதினெட்டுக் குழிக்கும் 36 மட்டையடிகள், குழியைச் சுற்றிய வெட்டிய புல்தரையான கிரீனுக்கென்றே கணிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சுற்றில் ஏறக்குறையப் பாதி! அதற்குத் தேவை பந்தை உருட்டும் பட்டர் எனும் ஒரேயொரு மட்டை, ஒரு பந்து, வெட்டிய புல்தரை. தேயிலை மலையில் ஏறி இறங்கி வளர்ந்த பிள்ளைக்குச் சரிவைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ன?

ஆகவே கண்டி வலயப் பாடசாலைகளுக்கு, விக்டோரியா கரையோர மைதானத்தில் பந்தை உருட்டிப் பழகும் பட்டிங் பயிற்சித் தரையை வாரத்தில் ஒரு காலையாவது திறந்துவிட வேண்டும். கற்பிப்பவர்களாகக் கெடிமாரையே அமர்த்தி, அதற்குரிய சம்பளமும் சான்றிதழும் கொடுக்க வேண்டும். பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நீருக்கடியில்தான் போனது. அணைக்காக வீடு வாசலையும் வயலையும் விட்டுக்கொடுத்த ஊர்களின் பிள்ளைகளிலிருந்தே இந்தப் பயிற்சியைத் தொடங்கலாம்.