அட்டவணையைக் கேளுங்கள்

கோவைக்கு மேற்கே, சிறுவாணி மலையடிவாரத்தை நோக்கிப் போகும் சாலைகளில் கடந்த 20 ஆண்டுகளில் முதியோர் குடியிருப்புகள் வரிசையாக எழுந்துவிட்டன. பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருக்க, பெற்றோர் இங்கே வீடு வாங்கிக் குடியேறுகிறார்கள். நானும் அப்படி வந்தவள்தான். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கணவர் காலமான பிறகு திருச்சி வீட்டைக் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தேன்.

இந்தக் குடியிருப்புகளின் விளம்பரங்களைப் பாருங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, இருபத்து நான்கு மணி நேர நர்ஸ், ஆம்புலன்ஸ், குளியலறையில் கைப்பிடி, வளாகத்துக்குள்ளேயே கோயில் என்று அடுக்கியிருப்பார்கள். எல்லாம் தேவைதான், ஒன்றைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் காலை எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டுக் கை கழுவியவர் பகல் பன்னிரண்டரை மணிச் சாப்பாடு வரை என்ன செய்வார்? அதற்கு அந்த விளம்பரங்களில் பதில் கிடையாது. கற்றுக்கொள்ளவும் கற்றுக்கொடுக்கவும் இடம் இல்லாத குடியிருப்பில் பாதுகாப்பு எவ்வளவு இருந்தாலும், அங்கே வயதானவர்கள் வாழவில்லை, காத்திருக்கிறார்கள் என்பது என் தீர்மானமான கருத்து.

இங்கே வருமுன் வேறொரு குடியிருப்பில் சில காலம் இருந்தேன். அங்கேயும் பொழுதைப் போக்க ஏற்பாடுகள் இருந்தன: தம்போலா, பஜனை, பழைய பாட்டு, பண்டிகைக்குக் கோலப் போட்டி. ஒரு நாள் மத்தியானம் எங்கள் முன்னால் படப் புத்தகங்களையும் வண்ணப் பென்சில்களையும் கொண்டுவந்து வைத்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆயுள் முழுக்கக் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். கிளிக்குப் பச்சை அடிக்கும்படி அவரிடம் சொன்ன பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அந்தப் பெண்மேல் தப்பில்லை, அவளுக்கு அப்படித்தான் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அவர் ஒன்றும் பேசாமல் பென்சிலை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஒரு மனிதரிடம், உங்களுக்கு என்ன தெரியும், அதை எங்களுக்குச் சொல்லித் தருவீர்களா என்று அந்த வளாகத்தில் யாருமே கேட்கவில்லை.

இப்போது இருக்கும் இடத்தில், கட்டியவர்கள் செய்து கொடுத்ததைவிடக் குடியிருப்பவர்கள் தாங்களாக உண்டாக்கிக்கொண்டது அதிகம். இங்கே வாழ்ந்து மறைந்த ஒரு தலைமையாசிரியை தொடங்கி வைத்த ஏற்பாடு அது. சாப்பாட்டுக் கூடத்தின் கதவில் வார அட்டவணை ஒட்டியிருக்கும். யாரும் எந்த வகுப்பிலும் சேரலாம். சேருகிறவர் ஒரு வருடத்துக்குள் தனக்குத் தெரிந்த எதையாவது நடத்தியாக வேண்டும். பரீட்சையும் சான்றிதழும் கிடையாது. வீட்டுப்பாடம் உண்டு. அந்த வீட்டுப்பாடத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். நாளைக்கு ஒருவரிடம் காட்ட வேண்டியது என்று ஒன்று கையில் இருந்தால், ராத்திரி தூக்கம் வராத நேரத்திலும் மனசு கண்ட பக்கம் போகாது.

செவ்வாய்க்கிழமை வகுப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நடத்துகிறவர் பீளமேட்டில் பம்புசெட் பட்டறை வைத்திருந்தவர், எண்பது தாண்டியவர். பாடம், வீட்டில் இருக்கும் மோட்டார்கள். முதல் வரிசையில் எழுபத்தாறு வயது அம்மா ஒருவர். பன்னிரண்டு பேர் இருந்த குடும்பத்துக்கு ஆண்டுக்கணக்கில் மிக்ஸியில் சட்னி அரைத்தவர், ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டதே இல்லை. "மொதல்ல பிளக்கைப் பிடுங்கி உங்க கண்ணு முன்னால வெச்சுக்குங்க அம்மணி, அப்புறந்தான் ஸ்க்ரூ" என்றார் அவர். மிக்ஸியைக் கவிழ்த்து, ரப்பர் கால்களுக்குள் இருந்த ஸ்க்ரூக்களை அந்த அம்மா ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார். மூடியைத் தூக்கினால் செப்புக் கம்பிச் சுற்று, நடுவில் ஆர்மேச்சர், இரண்டு பக்கமும் அதை உரசிக்கொண்டு சுண்டுவிரல் நகம் அளவில் கார்பன் பிரஷ். ஒன்று பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. "தீப்பொறி வருதே, கருகின வாசனை வருதேன்னு பயந்தீங்களே, அது இதுதானுங்க. புதுசு வாங்கிப் போட்டாச் சரியாப் போயிரும்." மிக்ஸி ஏன் அப்படிக் கத்துகிறது, கிரைண்டர் ஏன் சாந்தமாக ஓடுகிறது என்பதையும் அன்றைக்கே சொன்னார். மிக்ஸி மோட்டார் நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல்கூடப் போகும், பிரஷ் உரசியபடியே ஓடும். கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், அதில் உரச ஒன்றுமில்லை. சுமை தாங்காமல் மிக்ஸி நின்றுவிட்டால் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும் என்பது அங்கே இருந்த பாதிப் பேருக்கு அதுவரை தெரியாது. அந்த அம்மா வீட்டுக்குப் போய்த் தன் மிக்ஸியையும் பக்கத்து வீட்டு மிக்ஸியையும் பிரித்து மாட்டிவிட்டார்.

அவர் முறை வந்தபோது அவர் நடத்தியது சமையல், தனியாக இருக்கும் ஆண்களுக்கு மட்டும். மனைவியை இழந்து, ஒரு டம்ளர் காபிக்கும் கேண்டீனை எதிர்பார்த்து நிற்கும் ஆண்கள் இந்தக் குடியிருப்புகளில் எத்தனை பேர் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ரசம் எப்போது நுரை கட்டும், எப்போது இறக்க வேண்டும் என்று பட்டறைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரே வாரத்தில் ஒருவருக்கொருவர் ஆசிரியரும் மாணவருமாக மாறுவது இந்த வயதில் கிடைப்பதற்கரிய மரியாதை.

முதியவர்களுக்கு வகுப்பு நடத்துவதற்குச் சில நடைமுறைகள் உண்டு, எல்லாம் அனுபவத்தில் படிந்தவை. முப்பது பேர் அறைக்கும் மைக் வேண்டும். காது மந்தமானவர் தனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டார், பேசாமல் வருவதை நிறுத்திவிடுவார். தாளில் அச்சடித்தால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். கைப்பிடி இல்லாத நாற்காலி கூடாது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. போன வாரம் நடந்ததைச் சொல்லித்தான் இந்த வாரம் தொடங்க வேண்டும். இவ்வளவுக்கும் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

இது நாங்கள் கண்டுபிடித்ததும் இல்லை. பிரான்சில் துலூஸ் நகரத்தில் பியர் வெல்லாஸ் என்ற சட்டப் பேராசிரியர் 1973-ல் ஓய்வு பெற்றவர்களுக்காக ஒரு பல்கலைக்கழக ஏற்பாட்டைத் தொடங்கினார். வாழ்வின் மூன்றாம் பருவத்துக்கான பல்கலைக்கழகம் என்று அதற்குப் பெயர். பேராசிரியர்கள் நடத்துவார்கள், முதியவர்கள் கேட்பார்கள். 1980-களின் தொடக்கத்தில் அது இங்கிலாந்துக்குப் போனபோது பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் ஆகிய மூவரும் அதைப் புரட்டிப் போட்டார்கள். வெளியிலிருந்து பேராசிரியர் வேண்டாம், உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் நடத்தட்டும் என்றார்கள். இன்று அந்த நாட்டில் 1,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் அப்படி இயங்குகின்றன. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரி வளாகத்துக்குள்ளேயே 2000-ல் திறக்கப்பட்ட லாசல் வில்லேஜ் என்ற முதியோர் குடியிருப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே குடியேறுகிறவர் ஆண்டுக்கு 450 மணி நேரம் கற்றலிலும் உடற்பயிற்சியிலும் செலவிட ஒப்புக்கொள்ள வேண்டும். கெடுபிடி என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உன்னிடம் இன்னும் எதிர்பார்ப்பதற்கு இருக்கிறது என்று ஒரு இடம் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, யாருமே எதையும் எதிர்பார்க்காத நிலைக்கு வந்தவர்களுக்குத்தான் புரியும். ஆனாலும் நம் ஊருக்கு இங்கிலாந்து வழியே பொருந்தும். நம்மிடம் ஓய்வு பெற்ற ஆசிரியர், கணக்கர், மெக்கானிக், நர்ஸ், விவசாயி எல்லோரும் இருக்கிறார்கள்.

இந்த வயதில் என்ன ஏறும் என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து மாநிலத்தையே காட்டலாம். ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா பள்ளிக்கூடமே போகாதவர். 2018-ல் கேரள அரசின் எழுத்தறிவுத் தேர்வை 96 வயதில் எழுதி 100-க்கு 98 வாங்கினார். 1855-ல் பிறந்த உ.வே.சா. 'என் சரித்திரம்' தொடரை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940-ல்.

மருத்துவக் காரணமும் இல்லாமல் இல்லை. மறதிநோய் பற்றி லான்செட் ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொல்கிறது. கேட்காத காதும் தனிமையும் அவற்றில் உண்டு. கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு வகுப்புக்கு வருகிறவர் அந்த இரண்டையும் எதிர்கொள்கிறார். ஆனால் மூளைக்கு நல்லது என்று சொல்லி மட்டும் வகுப்பை நடத்தினால் அது கஷாயம் மாதிரி ஆகிவிடும். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடந்து வருகிறது. எங்களில் சிலர் கிருஷ்ணாம்பதி குளக்கரையில் நின்று நாமக்கோழியையும் தாழைக்கோழியையும் பிரித்தறியப் பழகி, எண்ணிக்கையை அதில் பதிகிறார்கள். கண்புரை அறுவை செய்துகொண்ட ஒருவர் நாமக்கோழியின் நெற்றி வெள்ளையைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். அவர் வந்தது நோய்க்குப் பயந்து அல்ல.

இதெல்லாம் காசு இருப்பவர்களுக்குத்தானே என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி. லட்சக்கணக்கில் கொடுத்து இப்படி வீடு வாங்கக்கூடியவர்கள் மிகச் சிலர். தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021-லேயே மக்கள்தொகையில் 13.6 விழுக்காடு இருப்பார்கள் என்பது தேசியப் புள்ளியியல் அலுவலக அறிக்கையின் மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்த நிலையில் இருக்கிறோம். இவர்களில் பெரும்பாலோர் மகன் வீட்டு முன்னறையிலோ ஊர்த் திண்ணையிலோ தனி வீட்டிலோ இருக்கிறார்கள். அவர்களுக்காகப் புதுக் கட்டடம் எதுவும் கட்ட வேண்டாம். 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்கென்று கொடுத்து வருகிறோம். 4,000-க்கும் மேற்பட்ட நூலகங்கள் இருக்கின்றன. கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் வாரத்துக்கு இரண்டு காலை வேளைகளை முதியோர் வகுப்புக்கு ஒதுக்கலாம். ஒரு மைக், கைப்பிடி வைத்த இருபது நாற்காலி, சுத்தமான கழிப்பறை, படியில்லாத வாசல். நடத்துவதற்கு ஆள் அந்தத் தெருவிலேயே இருப்பார். பொது நூலகத் துறை இதை ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா அப்பாவுக்கு இடம் தேடிக் குடியிருப்பு குடியிருப்பாக ஏறி இறங்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அறையைப் பாருங்கள், சாப்பாட்டை ருசி பாருங்கள், டாக்டர் எந்த நேரம் வருவார் என்று விசாரியுங்கள். பிறகு வார அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். அதில் பாடம் நடத்துகிறவர்களாக அங்கே குடியிருப்பவர்களின் பெயர்கள் இல்லை என்றால் முன்பணம் கட்டாதீர்கள்.