எலிகளின் கணக்குப்பிள்ளை யார்?



ஒரு புல்வெளியில் எத்தனை எலிகள் வாழலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பாம்பா, ஆந்தையா, நாம் வைக்கும் எலி மருந்தா? இவர்கள் எல்லாம் அப்புறம்தான். முதல் கணக்குப்பிள்ளை மழை!

தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில் பொட்டிபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. மேற்கே உயர்ந்த மலை. மேலே ஏலக்காய்த் தோட்டங்கள், அடிவாரத்தில் புல்லும் முள்ளும். ஆனி, ஆடியில் வரும் தென்மேற்குப் பருவமழையை மலையே தடுத்து, கேரளப் பக்கம் கொட்ட வைத்துவிடுகிறது. போடிப் பக்கத்துக்குக் காற்றும் சாரலும்தான் மிச்சம். ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை.

மழை பெய்தால் புல் முளைக்கும். புல் கதிர் விட்டால் விதை உதிரும். விதை உதிர்ந்தால் எலிக்குக் கொண்டாட்டம்! வெள்ளெலியைப் பார்த்திருக்கிறீர்களா? பகலில் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு தூங்கும். இரவில் வெளியே வந்து விதை, வேர், பூச்சி என்று தின்னும். வயிறு நிறைந்தால் குட்டிகள் பெருகும். வயல் எலிகளோ ஏறக்குறைய மூன்றே வாரத்தில், ஓர் ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகள் போட்டுவிடும்!

மழை பொய்த்தால் புல் கருகும், எலியும் குறையும். மழை கொட்டித் தீர்த்தாலும் ஆபத்துதான். வளைக்குள் தண்ணீர் புகுந்து குட்டிகள் இறந்துபோகும். அளவான மழைதான் எலிக்கு நல்ல காலம்.

தீனி திடீரென்று குவிந்தால் என்ன ஆகும்? மிசோரம் மாநிலம் அதற்குச் சாட்சி. அங்கே ஒரு வகை மூங்கில் ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூத்துக் காய்க்கிறது. 1959-ஆம் ஆண்டை ஒட்டி அப்படிக் காய்த்தபோது, காய்களைத் தின்று எலிகள் பெருகின. காய் தீர்ந்ததும் கூட்டமாக வயலில் இறங்கி நெல்லைத் தின்றன. கடும் பஞ்சம் வந்தது. 2007-ஐ ஒட்டி மூங்கில் மறுபடியும் பூத்தது. விளைச்சல் மீண்டும் பறிபோனது.

"அப்படியானால் எல்லா எலியையும் விஷம் வைத்துக் கொன்றுவிடலாமே?" என்று கேட்பீர்கள். உழைத்து விளைவித்த கதிரை எலி தின்றால் விவசாயிக்குக் கோபம் வரத்தானே செய்யும்! ஆனால், விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் செத்துப்போகலாம். கூகை என்ற ஆந்தை, முட்டையை அடைகாக்கவே ஒரு மாதம் ஆகும். குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம் வேண்டும். அதற்குள் தப்பிப் பிழைத்த எலிகள் இரண்டு, மூன்று ஈற்று போட்டுவிடும். அடுத்த மழைக்கு எலி இருக்கும். பிடிக்க ஆந்தை இருக்காது!

எலி பெருகினால் கூகை கூடுதலாக முட்டையிடும். எலி குறைந்தால் அதுவும் குறைத்துக்கொள்ளும். சாரைப்பாம்பு, கீரி, நரி எல்லாம் எலியையும் பிடித்துத் தின்கின்றன. எலியே இல்லாத புல்வெளி, இவற்றுக்குப் பட்டினிக்காடு. அதனால்தான் பல ஊர்களில் விவசாயிகள் வயலில் குச்சி நட்டு, மேலே குறுக்குக் கட்டை கட்டுகிறார்கள். இரவில் ஆந்தை அதில் உட்கார்ந்து எலி பிடிக்கும். காசு செலவில்லாத காவல்காரர்!

ஆந்தை அலறினால் கெட்ட சகுனம் என்று கல்லெறிபவர்கள் இன்னும் உண்டு. உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால், இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். வளையைக் கண்டால் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். உள்ளே பாம்பு இருக்கலாம்! அடுத்த மழைக்குப் பிறகு உங்கள் ஊர்ப் புல்வெளியைத் தள்ளி நின்று கவனியுங்கள். புதிய வளைகள் தெரிகிறதா, மாலையில் ஆந்தை பறக்கிறதா என்று நோட்டில் குறித்து வையுங்கள்.

மழையின் கணக்கை நாம் மாற்ற முடியாது. காவல்காரர்களைக் காப்பாற்ற முடியும். செய்வீர்கள்தானே, குட்டீஸ்?