எதிர்வு கூறலும் நோயாளியின் உரிமையும்

வருவதை முன்னறிதல் வேண்டுமென்னும் அவா மக்களெல்லார்க்கும் பொதுவாயினும், யாழ்ப்பாணத்தாராகிய நம்மிடத்து அது சற்று மிகுதி. வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று, திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்று என இரண்டினையும் வீட்டில் வைத்திருந்து, அவை முரணும் நாளிற் சாத்திரியாரையும் நாடுவோம். வைத்தியத்திலும் இஃதே வழக்கம். பழைய தமிழ் வைத்தியர் நாடி பார்த்தனர். நோயாளியின் சிறுநீரில் எண்ணெய்த் துளியிட்டு, அது பரவும் முறைமையை நோக்கி நெய்க்குறியும் கண்டனர். கண்டபின் சாத்தியம், அசாத்தியம் என்னும் இரு சொற்களால் நோயின் முடிவைப் பகுத்துரைத்தனர். இக்காலத்து மேலை வைத்தியத்தில் அவ்வெதிர்வு கூறல் எங்ஙனம் நிகழ்கின்றது, அதனை யாரிடத்துச் சொல்லுதல் முறை என்பனவற்றை இரைப்பைப் புற்றுநோயை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று வினவுவாருக்கு விடை பின்னே வரும்.

இரைப்பையில் எழுந்த புற்றை வெட்டியெடுத்து நோயாளியை உயிரோடு வீட்டுக்கு அனுப்பிய முதற் பெருமை வியன்னா நகரத்துத் தியோடர் பில்றோத் என்னும் சத்திரவைத்தியருக்கு உரியது. அவருக்கு முன் பிரான்சிலும் போலந்து நாட்டிலும் முயன்றோர் தம் நோயாளரை இழந்தனர். 1881ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் நாற்பத்து மூன்று வயதுப் பெண்மணி ஒருவருக்கு அவர் செய்த சத்திரசிகிச்சை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நீடித்தது. அவர் பிழைத்தெழுந்தார், உணவு கொண்டார், எனினும் நான்கு மாதமளவில் நோய் மீண்டு இறந்தார். கத்திக்குத் தப்புதல் வேறு, நோய்க்குத் தப்புதல் வேறு என்பது அன்றே தெளிவாயிற்று. உறவினர் பெரும்பாலும் முன்னதையே வினவுகின்றனர். வைத்தியர் மனத்தை வருத்துவது பின்னது. உலகில் 2022இல் மட்டும் ஏறக்குறைய ஒன்பது இலட்சத்து எழுபதினாயிரம் பேருக்கு இந்நோய் புதிதாகக் காணப்பட்டது என்பது சர்வதேசக் கணக்கு.

சத்திரசிகிச்சையின்பின் எதிர்வு கூறுதற்கு ஆதாரமாவது நோயியல் அறிக்கை. வெட்டியெடுத்த இரைப்பையை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து, புற்று இரைப்பைச் சுவரின் எத்தனை படைகளை ஊடுருவியுள்ளது, அயலிலுள்ள நிணநீர்க்கணுக்களுள் எத்தனையிற் குடிகொண்டுள்ளது, வெட்டிய விளிம்பில் எஞ்சியுள்ளதா என்பவற்றை அது கூறும். ஈரல் முதலிய தூர உறுப்புகளுக்குப் பரவியதோ என்பதையும் சேர்த்து, ஒன்று முதல் நான்கு வரை படிநிலை வகுப்பர். பியர் தெனுவா என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1940களில் தொடங்கிய முறை இது.

இங்கே மாணவர் ஊன்றி நோக்குதற்குரிய நுட்பம் ஒன்றுண்டு. படிநிலையைச் சரிவரக் காண்பதற்குப் பதினாறு கணுக்களுக்குக் குறையாது எடுத்து ஆராய்தல் வேண்டும் என்பது விதி. ஐந்தாறு கணுக்களை மட்டும் பார்த்து நோயில்லை என்றால், பாராத கணுவில் அஃது ஒளிந்திருத்தல் கூடும். சரி, மிகுதியாகப் பார்த்தால் நிகழ்வது யாது? ஏ பிரிவில் மூவர் 90, 80, 55 புள்ளிகள் பெற்றனர் என்க, சராசரி 75. பி பிரிவில் மூவர் 45, 35, 25, சராசரி 35. ஏ பிரிவின் கடைசி மாணவனைப் பி பிரிவுக்கு மாற்றுங்கள். ஏ பிரிவின் சராசரி 85 ஆகின்றது. பி பிரிவினதும் 40 ஆகின்றது. இரு வகுப்பும் முன்னேறின. எந்த மாணவனும் ஒரு புள்ளிதானும் கூடுதலாகப் பெறவில்லை! மிகுதியான கணுக்களை ஆராயும் வைத்தியசாலையில் ஒவ்வொரு படிநிலையின் கணக்கும் இவ்வாறே அழகுபெறும். பாடசாலைப் பெறுபேற்று அட்டவணைகளை நோக்குவோரும் இதனை நினைவிற் கொள்வாராக.

படிநிலையொடு பிறவற்றையும் கூட்டிக் கணிக்கும் அளவுகோல்களும் உள. நியூயோர்க் நகரத்து மெமோரியல் சுலோன் கெற்றரிங் புற்றுநோய் நிலையத்தார் 2003இல் வெளியிட்ட ஒன்று, நோயாளியின் வயது, பால், புற்று இரைப்பையின் எப்பாகத்தது, எவ்வளவு ஆழத்தது, நோயுள்ள கணு எத்தனை, நோயில்லாத கணு எத்தனை என்பவற்றுக்குத் தனித்தனி புள்ளியிட்டுக் கூட்டி, இத்தகையோருள் நூற்றுக்கு எத்தனை பேர் இத்தனை ஆண்டு இந்நோயால் இறவாதிருப்பர் எனக் காட்டுகின்றது. சிறந்த கருவியே. ஆயினும் அது நியூயோர்க் நோயாளரைக் கொண்டு அமைத்தது. யப்பானில் ஒரே படிநிலையினரும் மேனாட்டாரினும் நெடிது வாழ்வதாகக் கணக்குகள் காட்டுகின்றன. அவ்வாறாயின், வட்டுக்கோட்டையில் இருப்பவருக்கு எந்த ஊர்க் கணக்கு? நம்மூர் நோயாளரை ஆண்டுதோறும் தொடர்ந்து பதிவுசெய்தாலன்றி இதற்கு விடையில்லை. சுகம் கண்டபின் கிளினிக்குக்குப் போகாதொழியும் நம்மவர் வழக்கம் பின்வரும் நோயாளருக்கும் கேடு.

இன்னும் ஒன்று. ஐந்தாண்டுக் கணக்கு என்பது ஐந்தாண்டுக்கு முன்னரேனும் சிகிச்சை பெற்றோரின் கணக்கு. அது பழஞ்செய்தி. 2006இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், சத்திரசிகிச்சை மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 23 பேரும், அதன் முன்னும் பின்னும் மருந்தேற்றப் பெற்றோருள் 36 பேரும் ஐந்தாண்டு கடந்தனர். அதன்பின் மருந்துகள் மேலும் திருந்தியுள்ளன. இடையம் என்னும் சொல்லையும் மக்கள் பிழைபடவே கொள்கின்றனர். இடையம் எட்டு மாதம் என்றால் எட்டாம் மாதத்தில் இறப்பு என்பதன்று. பாதிப்பேர் அதற்கு மேலும் வாழ்வர், சிலர் மிக நெடிது வாழ்வர் என்பதே பொருள். ஸ்ரீபன் ஜே கூல்ட் என்னும் அமெரிக்க அறிஞருக்கு 1982இல் வயிற்றுறையில் வேறொருவகைப் புற்று கண்டபோது, நூல்கள் கூறிய இடையம் எட்டு மாதமே. அவர் இருபது ஆண்டு வாழ்ந்து, 2002இல் மற்றொரு புற்றுநோயால் இறந்தார்.

இத்துணையும் கூறியது, எதிர்வு கூறல் பயனற்றது என்று காட்டுதற்கன்று. அதன் எல்லையையும் உடன்கூறி நோயாளியிடமே கூறுக என்பதற்காகவே. நம் நாட்டில் நிகழ்வதோ வேறு. வைத்தியர் மகனை அழைத்து இரகசியமாகச் சொல்கின்றார். மகன் கனடாவிலுள்ள தமையனுக்குத் தொலைபேசியிற் சொல்கின்றான். ஊரெல்லாம் அறிந்தபின்னும் அறியாதவர் ஒருவரே, நோயாளி. எமக்கு அறிமுகமான தோட்டக்காரர் ஒருவருக்கு இரைப்பையிற் புண் என்று கூறியே சத்திரசிகிச்சை செய்வித்தனர். ஆங்கில அறிக்கையை அவர் மகன் எம்மிடம் கொணர்ந்தபோது, வைத்தியம் அறிந்த நண்பர் ஒருவரின் துணைகொண்டு வாசித்தோம். இருபத்திரண்டு கணுக்கள் எடுத்திருந்தனர்; இரண்டில் மட்டுமே நோய்; வெட்டு விளிம்பில் ஒன்றுமில்லை. அத்தகைய நோய்க்கு நம்பிக்கை தரும் அறிக்கையே அது. ஆனால் வீட்டாரின் தாழ்ந்த குரலையும் அழுத கண்களையும் கண்ட அவர், தாமே ஓர் எதிர்வு கூறிக்கொண்டார். மாரி கழிந்தும் வெங்காயம் நடவில்லை, நீரிறைக்கும் இயந்திரத்தை விற்றுவிட்டார், உண்ணவும் மனமில்லை. வைத்தியர் கூறியதினும் எத்துணையோ கொடியது மௌனம் கூறிய எதிர்வு!

பின்னர் வேறொரு வைத்தியர் அவரையே அழைத்து நோயின் பெயரைச் சொன்னார். 'இன்னும் எத்தனை போகம் செய்யலாம், ஐயா?' என்பதே அவர் கேட்ட வினா. போகத்தை எண்ணிச் சொல்ல ஒருவராலும் இயலாது என்றும், நோய் மீளுமாயின் பெரும்பாலும் முதலிரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மீளும், அதுவரை தவணை தவறாது வரவேண்டும் என்றும் வைத்தியர் விடையளித்தார். அவ்வாண்டே அவர் இரவல் இயந்திரம் கொண்டு நீரிறைத்தார்.

உண்மை நோயாளியை உடைத்துவிடும் என்பர் சிலர். அறிய விரும்பாதாரும் உளர்; அவ்விருப்பமும் மதித்தற்குரியது. ஆனால் அதனை அவர் வாயாற் கேட்டறிதல் வேண்டும், மைத்துனர் வாயாலன்று. காணி உறுதி முடிக்கவும், மகளின் கலியாணத்தை முற்படுத்தவும், கதிர்காமம் போய்வரவும் எண்ணுபவருக்குக் காலத்தின் அளவை மறைத்தல் அவர் பொருளைக் கவர்தலை ஒக்கும்.

அறிந்தவரே தம்மைப் பேணவும் வல்லவர். இரைப்பையை முழுதும் நீக்கியவர் வயிறு நிறைய உண்ணலாகாது. சிறுகச் சிறுக ஆறு வேளை உண்ணவேண்டும். இனிப்பு மிகுந்தால் நெஞ்சு படபடத்து வியர்க்கும். பீ12 என்னும் உயிர்ச்சத்தை உடல் ஏற்க இரைப்பையிற் சுரக்கும் பொருளொன்று வேண்டுமாதலின், அவர் வாழ்நாள் முழுதும் அதனை ஊசிவழியாகவேனும் பெறுதல் வேண்டும். முன்னைய சேமிப்புச் சில ஆண்டு தாங்குமாதலால், ஊசியை விட்டவுடன் குறை தோன்றாது, அதுவே ஆபத்து. நோயாளி, மருத்துவர், மருந்து, பணிவிடை செய்வோர் என மருத்துவத்தை வள்ளுவர் நான்காகப் பகுத்தபோது நோயாளியை முதலில் வைத்தார். நோயின் பெயரே அறியாதவர் அந்த முதற் கூறாதல் எங்ஙனம்?

இனித் தமிழாசிரியரின் வேலைக்கு வருவோம். சொல்லத் தமிழில் வார்த்தையில்லை என்னும் சாக்கினை வைத்தியர் சிலர் கூறுகின்றனர். பிற ஊரார் கூறினும் வட்டுக்கோட்டையார் அதனை ஏற்றலாகாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் முதலிற் பணி தொடங்கியது நம்மூரில். பின்னரே மானிப்பாய் சென்றார். அங்குத் தம் மாணவருக்கு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மாணவரும் பிறரும் துணைநிற்க, 'இரணவைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூல் 1867இல் தமிழில் அச்சேறியது. சமயத்தில் அவரோடு நமக்கு உடன்பாடில்லை. தமிழில் அவருக்கு நாம் கடன்பட்டவர். அவர் சொற்கள் சில இன்று வழங்கா. எனினும் நிணநீர்க்கணு, படிநிலை, வெட்டு விளிம்பு, இடையம் என்பன எவருக்கும் விளங்கத்தக்க சொற்களே.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. 2011இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் நடந்து பணம் திரட்ட, தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. நம் பழைய மாணவருள் வைத்தியராய், தாதியராய் உள்ளோரிடம் எமது வேண்டுகோள் ஒன்று. இரைப்பைச் சத்திரசிகிச்சை முடிந்தவர் கையிற் கொடுத்தற்கு, அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் பொருள் கூறும் தமிழ்த் துண்டுப்பிரசுரம் இரண்டு பக்கத்தில் எழுதித் தருக. ஒற்றுப்பிழை திருத்தி, ஐந்தாம் வகுப்புப் படித்தவரும் வாசிக்குமாறு எளிமையாக்கித் தருவதற்கு நாம் சித்தமாயிருக்கின்றோம்.